சைகோனில் ஒரு மாலை: நீர்ப் பாவைக்கூத்தும் படகு விருந்தும்

அனுப்பானடி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற டிசம்பர் இறுதியில், மகனுடைய அரையாண்டு விடுமுறையை ஒட்டி, ஐந்து நாள் பயணமாக வியட்நாமின் ஹோ சி மின் நகருக்கு (பழைய பெயர் சைகோன்) செல்ல இருக்கிறோம். திருச்சியிலிருந்தே நேரடி விமானம் கிடைத்ததால், சென்னைக்கோ கொச்சிக்கோ அலைய வேண்டியதில்லை என்பதுதான் எங்களுக்குத் துணிவைக் கொடுத்தது. நான், கணவர், பத்து வயது மகன், எழுபத்தொரு வயதான என் அம்மா என நான்கு பேர் போகிறோம்.

எங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து தருகிறவர் ஒரு மாலைப் பொழுதுக்கென்று தனியாக ஒரு திட்டம் கொடுத்திருக்கிறார். மாலை ஆறரை மணிக்கு, தண்ணீரின் மேல் மரப்பாவைகளை ஆட்டும் நீர்ப் பாவைக்கூத்து. அது முடிந்த கையோடு வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், சைகோன் ஆற்றில் செல்லும் படகில் இரவு விருந்து. பத்து மணிக்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம் என்கிறார். நான்கு பேருக்கும் சேர்த்து அவர் கேட்கும் தொகை சிறியதல்ல.

அம்மா மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கரைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். சிறுவயதில் ஊர் மந்தையில் பத்து நாள் உட்கார்ந்து தோல்பாவைக்கூத்தில் இராமாயணம் பார்த்ததை இன்றைக்கும் சொல்வார். அதனால் பாவைக்கூத்து என்றதும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. ஆனால் கூத்து முழுவதும் வியட்நாமிய மொழியில் நடக்கும் என்கிறார்கள். அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. மேலும், அவர் எட்டு ஆண்டுகளாக அசைவத்தை அறவே விட்டுவிட்டவர், மூட்டு வலியும் உண்டு. படகில் ஏறி இறங்குவது, அங்கே அவருக்குச் சாப்பாடு கிடைப்பது ஆகிய இரண்டும்தான் என் பெரிய கவலை. ஒரே மாலையில் இரண்டையும் வைத்துக்கொள்வது சரியாக இருக்குமா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகை வடகரை எழுதியது:

நாங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிப்ரவரியில், மாமனார் மாமியாருடன் சென்று, ஏறத்தாழ நீங்கள் சொல்லும் இதே மாலைத் திட்டத்தை எடுத்துக்கொண்டோம். படகைப் பற்றித்தான் எனக்குக் குறை உண்டு என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் கொடுத்த சீட்டில் ஏழே முக்கால் என்று போட்டிருந்தது. ஏழே முக்காலுக்குப் படகில் ஏறி உட்கார்ந்தோம் என்பது உண்மை. ஆனால் படகு கரையை விட்டு நகர்ந்தபோது மணி எட்டே முக்கால். அந்த ஒரு மணி நேரமும் கட்டிப் போட்ட படகில், ஒலிபெருக்கியின் பக்கத்து மேசையில், பேசுவது ஒருவருக்கொருவர் கேட்காத நிலையில் அமர்ந்து சாப்பிட்டோம். படகு புறப்படும்போது சாப்பாடும் முடிந்துவிட்டது, மாமியாருக்குத் தலைவலியும் வந்துவிட்டது. எல்லாப் படகுகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. 'ஏறும் நேரம்' ஒன்று, 'புறப்படும் நேரம்' வேறு என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆற்றை நான் குறை சொல்ல மாட்டேன். நகரத்தின் நடுவே இருகரை நிறையத் தண்ணீர் போகும் ஆற்றைப் பார்க்கும்போது, வைகைக்குக் குறுக்கேயுள்ள ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் மேல் தினமும் போய் வரும் மதுரைக்காரனுக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். கரையோரத்தில் 262 மீட்டர் உயரமுள்ள பிடெக்ஸ்கோ கோபுரமும், சற்றுத் தள்ளி 461 மீட்டர் உயரத்தில் 81 மாடிகளுடன் நிற்கும் லாண்ட்மார்க் கட்டடமும் இரவில் விளக்கொளியில் நன்றாகவே தெரியும். பழைய நா ரோங் துறைமுகக் கட்டடத்தையும் காட்டினார்கள். 1911 ஜூனில் ஹோ சி மின் இளைஞராக ஒரு பிரெஞ்சுக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து நாட்டை விட்டுப் புறப்பட்ட துறை அதுதான்; இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். அந்த ஆற்றிலும் நம் வைகையைப் போலவே ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக மிதந்து செல்கிறது. காலையில் கரையில் நின்று பார்த்தபோது கொத்துகள் ஒரு திசையில் போயின. மாலையில் எதிர்த்திசையில் போயின. மாமனார் அதைக் கவனித்துவிட்டு, "மாப்பிள்ளை, இந்த ஆறு திரும்பி ஓடுகிறது" என்றார். நான் அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். கடலின் ஏற்றவற்றம் நகரம் வரைக்கும் உள்ளே வருவதால், ஓத நேரத்தில் ஆறு உண்மையிலேயே எதிர்த்துப் போகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. உங்கள் அம்மாவின் மூட்டு வலிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. நீர்மட்டம் இறங்கியிருக்கும் நேரத்தில், கரையிலிருந்து மிதவை மேடைக்கு இறங்கும் சாய்வுப் பலகை செங்குத்தாகிவிடுகிறது. நாங்கள் மாமியாரை இரு பக்கமும் பிடித்துத்தான் இறக்கினோம்.

என் யோசனை இதுதான். ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால், பாக் டாங் துறையிலிருந்து நீர்ப் பேருந்து என்று ஒன்று 2017 முதல் ஓடுகிறது. சுமார் 11 கிலோமீட்டர் ஆற்றோடு போய், லாண்ட்மார்க் கட்டடத்தையும் தாண்டிச் செல்லும். நாங்கள் போனபோது ஒருவருக்கு 15,000 டோங், அதாவது நம் பணத்தில் ஐம்பது ரூபாய் அளவுதான். பேரைக் கேட்டு ஆயிரக்கணக்கு என்று பயந்துவிடாதீர்கள். அந்த ஊரில் தேநீருக்கே ஆயிரக்கணக்கில்தான் எண்ணிக் கொடுக்க வேண்டும். மாலை நாலு மணிக்கு அதில் போய் வந்துவிட்டு, இரவைப் பாவைக்கூத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூத்தைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இங்கே இருக்கிறார், அவருக்கே விட்டுவிடுகிறேன்.

திருமங்கலம் தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:

வடகரைத் தம்பி என்னைத்தான் குறிப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். ஹனோயில் ஒரு முறையும் ஹோ சி மின் நகரில் ஒரு முறையும் இந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா, மொழியைப் பற்றிக் கவலையே வேண்டாம். இந்தக் கலைக்கு வியட்நாமிய மொழியில் 'முவா ரோய் நுவோக்' என்று பெயர்; நீர்ப் பாவை ஆட்டம் என்று நேராகவே பொருள். இது தெற்கிலுள்ள சைகோனின் கலையன்று. வடக்கே செவ்வாற்றின் வண்டல் சமவெளியில், அறுவடை முடிந்து திருவிழாக் காலம் வந்ததும், ஊர்க் குளத்தையே அரங்கமாக்கி உழவர்கள் ஆடிய ஆட்டம். ஹா நாம் பகுதியில் தோய் மலைக் கோவிலில் 1121-ஆம் ஆண்டு நாட்டப்பட்ட கல்வெட்டு ஒன்று உண்டு. மூன்று மலைகளைச் சுமந்த பொன்னாமை ஒன்று அலைமேல் மிதந்து வந்து, கண்களை உருட்டி, வாயால் நீரைக் கொப்பளித்து அரசனைப் பார்த்ததாக அது வருணிக்கிறது. நம் பக்கத்தில் விக்கிரம சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது என்று நினைத்துக்கொண்டால், இந்தக் கலையின் வயது நமக்கு விளங்கும்.

மேடையை எப்படிக் கற்பனை செய்வது என்றால், நம் வண்டியூர்த் தெப்பக்குளத்தின் மைய மண்டபத்தைச் சிறிதாக்கிக் கரைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்து, அதன் முன்புறத்தில் மூங்கில் தட்டி ஒன்றைத் தொங்கவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு 'துய் தின்', நீர் மண்டபம், என்று பெயர். கலைஞர்கள் தட்டிக்குப் பின்னால் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள். பார்ப்பவர்கள் கரையில் இருக்கிறார்கள். ஹனோய்க்கு அருகே தாய் கோவிலின் குளத்தில் இத்தகைய பழைய மண்டபம் இன்றும் நிற்கிறது. நகர அரங்குகளில் குளத்துக்குப் பதிலாகத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். ஹனோயில் 1969-இல் தொடங்கிய தாங் லோங் அரங்கமும், நீங்கள் போகப்போகும் நகரில் தாவ் தான் பூங்காவை ஒட்டியுள்ள பொன் நாகம் என்னும் அரங்கமும் அப்படிப்பட்டவை.

பாவைகளை அத்தி வகை மரத்தில் செதுக்குகிறார்கள். எடை குறைவு, எளிதில் மிதக்கும் என்பது காரணம். அதன்மேல் அரக்குப் பூச்சைப் பல தடவை ஏற்றி, நீர் உள்ளே இறங்காதபடி செய்துவிடுகிறார்கள். ஒரு பாவை ஒன்று முதல் ஐந்து கிலோ வரை இருக்கும். நமக்குத் தெரிவது தண்ணீருக்கு மேலுள்ள உடல் மட்டுந்தான்; இடுப்புக்குக் கீழே நீருக்குள் ஒரு அடிக்கட்டையும் மிதவையும், திசை திருப்பும் சுக்கானும் இருக்கின்றன. அந்த அடிக்கட்டையிலிருந்து நீண்ட மூங்கில் கழி ஒன்று நீருக்கடியிலேயே தட்டியைத் தாண்டிக் கலைஞரின் கைக்குப் போகிறது. கழியோடு ஒட்டிச் செல்லும் கயிறுகளை இழுத்தால் தலை திரும்பும், கை தூக்கும். வேறொரு வகையில், நீருக்கடியில் முளைகளை அடித்து, அவற்றைச் சுற்றிக் கயிறு ஓட்டி, பாவைகளை வரிசையாக ஊர்வலம் விடுகிறார்கள். இத்தனையும் நம் கண்ணில் படாததற்கு ஒரே காரணம், தண்ணீர் கலங்கலாக இருப்பதுதான். நம் தோல்பாவைக் கலைஞர்களான மண்டிகர்கள் விளக்கையும் வெள்ளைத் திரையையும் வைத்துக்கொண்டு ஆட்டுத் தோலுக்கு உயிர் கொடுக்கிறார்கள். வியட்நாமியர்கள் சேற்று நீரையே திரையாக வைத்திருக்கிறார்கள். உங்கள் மகனிடம், பாவையைப் பார்க்காமல் அதற்குப் பின்னால் நீரில் விழும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கழி எங்கே போகிறது என்பதை அவன் பிடித்துவிடுவான்.

இந்தப் பொறிகளை ஒவ்வொரு ஊர்க் குழுவும் மற்ற ஊருக்குத் தெரியாமல் காத்து வந்திருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குக்கூடக் கற்றுத்தர மாட்டார்களாம். கட்டிக்கொடுத்த ஊருக்கு இரகசியமும் சேர்ந்து போய்விடும் என்ற பயம். (நம் ஊரில் நாட்டு வைத்தியர்கள் செய்தது இதேதான்.) வடக்கே குளிர்காலத்தில் மணிக்கணக்காகத் தண்ணீரில் நிற்க வேண்டியிருந்ததால், உடம்புச் சூட்டுக்கு மீன் சாற்றைக் குடித்துவிட்டு இறங்குவது பழைய கலைஞர்களின் வழக்கம். இப்போது மார்பு வரை மூடும் ரப்பர் உடை வந்துவிட்டது.

மொழி வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம், ஆட்டத்தில் தொடர்ந்து வரும் ஒரே கதை என்று எதுவும் இல்லை. சிறு சிறு துண்டுகள். மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. முதலில் 'சூ தேவ்' என்னும் குண்டுப் பையன் வந்து எல்லோரையும் வம்புக்கிழுத்துக் கூத்தைத் தொடங்கி வைப்பான். நம் தோல்பாவைக்கூத்தின் கோமாளிகளான உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பார்த்த உங்கள் அம்மாவுக்கு அவன் யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறகு நெருப்பும் நீரும் உமிழும் நாகங்கள், பீனிக்ஸ் பறவைகளின் ஆட்டம், வாத்து மேய்க்கிறவரை ஏமாற்றிவிட்டு வாத்தைக் கவ்விக்கொண்டு மரமேறும் நரி, தவளை பிடிப்பது, உழவு, நாற்று நடவு. சீனாவின் மிங் படைகளை விரட்டுவதற்கு நீர்த் தெய்வம் கொடுத்த வாளை, வென்ற பிறகு லே லோய் மன்னன் ஏரியில் படகில் போகும்போது ஆமை திரும்ப வாங்கிக்கொள்ளும் கதை ஒன்றுக்கு மட்டும் முன்கதை தெரிந்திருக்க வேண்டும். அதை நீங்கள் சொல்லி வைத்துவிடுங்கள். ஹனோயின் நடுவிலுள்ள ஹோவான் கியெம் ஏரியின் பெயருக்கே 'திருப்பித் தந்த வாள்' என்றுதான் பொருள்.

உழவுக் காட்சியில் ஒன்றைத் தவறவிடாதீர்கள். இரண்டு பாவைகள் எதிரெதிரே நின்று, நடுவில் கயிறு கட்டிய கூடையை ஆட்டி ஆட்டி, தாழ்ந்த இடத்திலிருந்து மேட்டு வயலுக்குத் தண்ணீர் இறைக்கும். நம் இறைகூடையேதான். முதல் முறை அதைப் பார்த்தபோது, என் தகப்பனாரும் சிற்றப்பாவும் ஓடைக்கரையில் நின்றது நினைவுக்கு வந்து, அடுத்த காட்சி என்ன என்பதை நான் பார்க்கவே இல்லை.

எல்லிஸ் நகர் எழுதியது:

ஆசிரியர் ஐயா எழுதியதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். வடகரைத் தம்பியோடுதான் எனக்குச் சிறிது வழக்கு இருக்கிறது. வயதானவர்களோடு பயணம் போகிறவர்களுக்கு, நடக்க வேண்டாத ஒரு மாலை எவ்வளவு பெரிய வரம் என்பது பகல் முழுவதும் சுற்றிய பிறகுதான் தெரியும். நானும் என் மாமியாரும் படகின் மேல்தளத்தில், ஒலிபெருக்கி கீழேயே இருந்துவிட்டதால், காற்று வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்தப் பயணத்தில் எங்கள் இருவருக்கும் சண்டை வராத ஒரே மாலை அதுதான். ஆகவே படகே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மேல்தளத்தில் இடம் உறுதியானால் மட்டும் எடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் தெளிவாக இருக்க வேண்டும். சைவம் என்பதற்கு அங்கே 'சாய்' என்று பெயர்; நாம் குடிக்கும் சாயைப் போலவே உச்சரித்தால் புரிந்துகொள்வார்கள். 'அன் சாய்' என்றால் சைவம் சாப்பிடுவது. பௌத்தர்கள் பலர் அங்கேயும் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சைவம் மட்டுமே உண்பதால், இந்தச் சொல்லைக் கேட்டு யாரும் விழிக்க மாட்டார்கள். ஆனால் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் ஏமாந்துவிடுவோம். 'நுவோக் மாம்' என்னும் மீன் சாறு அவர்களுக்கு நம் உப்பையும் புளியையும் போன்றது. வெறும் கீரையில்கூட அது விழுந்துவிடும். எங்கள் மேசைக்குப் பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை வந்தது. பார்க்க நம் வீட்டுக் கீரை மாதிரியே இருந்தது. வாயருகில் கொண்டுபோன மாமியார், "இதில் கருவாட்டு வாசம் வருகிறதே" என்று கீழே வைத்துவிட்டார். எனவே 'சாய்' என்று சொல்லுங்கள், 'நுவோக் மாம்' வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். படகில் பொதுச் சமையல் என்பதால், எவ்வளவு சொன்னாலும் அம்மாவுக்குப் பழமும் சோறும்தான் நிச்சயம். நகரத்தில் 'சாய்' என்று பலகை போட்ட தனிச் சைவக் கடைகள் நிறைய உண்டு. அவரை அங்கே சாப்பிட வைத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று. த்ருவோங் தின் தெருவில் நம் மாரியம்மன் கோவில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அங்கே போய்த் தொழில் செய்த தமிழர்கள் எழுப்பியது. இப்போது வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். சுவரில் நெற்றியை வைத்து மெல்லிய குரலில் வேண்டிக்கொள்கிறார்கள். பாவைக்கூத்து அரங்கத்துக்கு அங்கிருந்து மெதுவாக நடந்தே போய்விடலாம். மாலையை அங்கே தொடங்கினால் அம்மாவுக்குத் திருப்தியாக இருக்கும்.

அனுப்பானடி வாசகி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. படகு விருந்தை விட்டுவிட்டு, முதலில் நீர்ப் பேருந்து, பிறகு கோவில், பிறகு கூத்து என்று மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. ஏற்பாடு செய்கிறவர்தான் சற்று முகம் சுளிக்கிறார். ஒரே ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது. இருக்கை எந்த வரிசையில் கேட்பது? மகன் முதல் வரிசைதான் வேண்டும் என்கிறான்.

திருமங்கலம் தமிழாசிரியர் (ஓய்வு) எழுதியது:

முதல் வரிசையில் தண்ணீர் தெறிக்கும். நாகங்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவை போல நம் பக்கம் திரும்பித்தான் உமிழும். பையனையும் அவன் தகப்பனாரையும் அங்கே உட்கார வையுங்கள். நீங்களும் அம்மாவும் நாலைந்து வரிசை பின்னால், நடைபாதையை ஒட்டி உட்காருங்கள். இருக்கைகள் பின்னே போகப் போக உயர்வதால், நீர்ப்பரப்பு முழுவதும் அங்கிருந்துதான் தெரியும், எழுந்து வருவதும் எளிது. இசைக்குழு மேடையின் ஓரத்தில் நம் கண்ணுக்குத் தெரியவே அமர்ந்திருக்கும். அவர்களிடம் 'தான் பாவ்' என்னும் ஒற்றைத் தந்தி இசைக்கருவி இருந்தால், அதைக் கவனித்துக் கேட்கச் சொல்லுங்கள். டிசம்பர் அங்கே மழை ஓய்ந்த காலம் என்பதால் குடை தேவைப்படாது. பையனுக்கு மாற்றுச் சட்டை தேவைப்படும்.

அனுப்பானடி வாசகி எழுதியது:

போய் வந்துவிட்டோம். இங்கே யோசனை சொன்னவர்களுக்கு நடந்ததைச் சொல்லாமல் இருப்பது முறையல்ல என்பதால் எழுதுகிறேன்.

நீர்ப் பேருந்தில் ஏறுவதற்குச் சாய்வுப் பலகை அன்றைக்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. அம்மா யார் கையையும் பிடிக்காமல் இறங்கினார். ஆகாயத்தாமரை எந்தத் திசையில் போகிறது என்று என் கணவர் வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தார். கோவிலில் அரை மணி நேரம் இருந்தோம். அம்மா தமிழில் வேண்டிக்கொண்டார், பக்கத்தில் நின்ற வியட்நாமிய அம்மாள் அவர்கள் மொழியில் வேண்டிக்கொண்டார், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

கூத்தில் முதலில் வெடியும் புகையுமாக நாகங்கள் வந்தபோது அம்மா காதைப் பொத்திக்கொண்டார். சூ தேவ் வந்து ஏதோ சொல்ல, அங்கிருந்த வியட்நாமியக் குழந்தைகள் சிரிக்க, அம்மாவும் சேர்ந்து சிரித்தார். என்ன புரிந்தது என்று கேட்டதற்கு, "அவன் மூஞ்சியே போதுமே" என்றார். ஆசிரியர் ஐயா சொன்ன இறைகூடைக் காட்சியை நான் அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இறைகூடைதான், ஆனால் இரண்டு பேரும் அவசரப்படுகிறார்கள்" என்று மட்டும் சொன்னார். அவரைத் தூக்கிப் போட்டது வேறொன்று. மீன்பிடிக் காட்சியில், மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருக்கும் மூங்கில் கூடையோடு இரண்டு பாவைகள் வந்தன. அம்மா என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி, "அடியே, ஊத்தாடி அது! நம்ம ஊத்தா!" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு மீன்பிடிப் பாவை கூடையை மீன் மேல் போடுவதற்குப் பதிலாக மற்றொன்றின் தலை மேல் கவிழ்த்துவிட, அம்மாவுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை. கண்மாயில் மீன்பிடி நாளன்று, பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியவுடன் ஊரே தண்ணீருக்குள் பாய்ந்ததையும், பெரிய மாமா கலங்கல் நீரில் குனிந்திருந்த பங்காளி ஒருவர் தலையில் ஊத்தாவைப் போட்டுவிட்டு ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதையும் விடுதிக்குத் திரும்பும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். பெரிய மாமாவைப் பற்றி இதை நான் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

முடிவில் தட்டியை விலக்கிக்கொண்டு கலைஞர்கள் இடுப்பளவு நீரில் நின்றபடியே வணங்கினார்கள். எட்டுப் பேர், அவர்களில் மூவர் பெண்கள். இப்போது கற்றுத்தருகிறார்கள் போலும். அம்மா எழுந்து நின்று கைகூப்பினார். மூட்டு வலியோடு அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை.

இரவுச் சாப்பாடு பக்கத்துத் தெருவில் ஒரு 'சாய்' கடையில். எல்லிஸ் நகர் அக்கா சொன்ன இரண்டு சொற்களும் அப்படியே வேலை செய்தன. படகு விருந்து மிச்சப்பட்டதில், அரங்கத்தின் வாசலிலிருந்த கடையில் மகனுக்கு ஒரு சிறிய சூ தேவ் பொம்மை வாங்கிக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் அதைக் குளியலறை வாளியில் நிற்க வைக்கப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் குப்புறக் கவிழ்ந்தது. அடிக்கட்டையும் மிதவையும் இல்லாததால்தான் என்று ஆசிரியர் ஐயா எழுதியதை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அட்டைப் பெட்டியிலிருந்த தெர்மாகோலை வெட்டிக்கொண்டிருக்கிறான். கழிக்கு என் ஒட்டடைக் கம்பைக் கேட்கிறான்.